பல் செட்காரரின் ஒரே சொல்

பல் செட்காரரின் பேச்சு ஒரு திங்கட்கிழமை காலை பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளை வைத்து, பல்லில்லாதவர்களுக்குப் பல் செட் செய்துகொடுப்பது அவர் தொழில். அவர் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்திலேயே பட்டறை. முன்னறையில் அவர் உட்கார்ந்து மெழுகில் பல் பதிப்பார். பின்னறையில், பாலிஷ் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், முடிந்த செட்டுகளை மோட்டார் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவாள். அன்று காலை ரப்பர் கிண்ணத்தில் ப்ளாஸ்டர் குழைத்து அச்சில் ஊற்றிவிட்டு, "அக்கா, அதைத் தொட்டுடாதீங்க, இன்னும் செட்..." என்றார். 'ஆகலை' என்று வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் "செட்" என்றார். கிண்ணம் கையிலிருந்து நழுவியது. வலது பக்கமாகச் சரிந்தார். பாலிஷ் அக்கா பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் மேசை விளிம்பில் தலை மோதியிருக்கும்.

அவர் மனைவி ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். மாணவர்கள் 'லைப்ரரி மேடம்' என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் வீட்டில் 'மேடம்' என்றே கூப்பிடுவார். "மேடம், சாப்பாடு கடன் கிடைக்குமா, பதினாலு நாள்ல திருப்பிடறேன்" என்பார். வாயாடி மனிதர். தொழிலில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பதற்குப் பெயர் 'கடி'. "பகல்ல கடி பாக்கிறேன், சாயங்காலம் கடி போடறேன்" என்று அதிலேயே ஒரு கடி ஜோக் அடிப்பார். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க. எனக்கு அந்த ஊர் வாய்தானே சோறு போடுது, நான் எதுக்கு மூடணும்?" என்பார். அப்படிப்பட்ட வாய்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் தெளிந்தது. டாக்டர் பேனாவைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"செட்."

கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"செட்." கேள்வி சுலபமாக இருக்கிறதே என்பதுபோல ஒரு சிரிப்பு வேறு.

"பக்கத்துல நிக்கிறது யாரு, சொல்லுங்க?"

பல் செட்காரர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவளைத் தெரிந்திருந்தது. கண்ணில் அது அப்பட்டமாக இருந்தது. மூச்சை இழுத்து, வாயைக் குவித்து, வெகு அன்போடு சொன்னார்: "செட்."

பல் போனால் சொல் போகும் என்பார்கள். இவருக்குப் பல்லெல்லாம் பத்திரமாக இருக்க, சொல் போனது.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு வாரம் இரண்டு தடவை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். படங்களைக் காட்டிக் காட்டிச் சொல்ல வைக்கப் பார்த்தார். ஆப்பிளும் செட், ஆனையும் செட். முதலில் அவருக்கே அது தெரியவில்லை. ஒழுங்காகப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார். மற்றவர்கள் முழிப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் பாதியில் நிறுத்தினார். தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். இடது கையால் படங்களையெல்லாம் தட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

பயிற்சியாளரை வழியனுப்பக் கீழே இறங்கியபோது மனைவி கேட்டாள்: "இத்தனை சொல்லு இருக்கிறப்ப அது மட்டும் ஏன் தங்கிச்சு?"

"அவரா எடுத்து வெச்சுக்கலைம்மா. வெள்ளம் வந்து வீட்டுச் சாமான் எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும், வாசல்ல ஒத்தைச் செருப்பு ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க. அது மாதிரிதான். ஆனா குரலை நல்லா கவனிங்க. சொல்லு ஒண்ணா இருந்தாலும் ராகம் மாறும்."

லைப்ரரி மேடம் தலையாட்டினாள். ஆனால் மனசு ஆறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனோடு ஒரே தட்டில் சாப்பிடாத குறை. குழந்தையில்லை என்று ஊர் பேசியபோது, "இருக்கிற ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல" என்று இவளைக் காட்டிச் சிரித்துச் சமாளித்தவர். அவர் மூளைக்குள் வெள்ளம் வந்தபோது, ப்ளாஸ்டருக்குச் சொல்கிற சொல் தப்பித்தது; இவளைக் கூப்பிடுகிற சொல் போய்விட்டது. செருப்பாகத் தங்கியிருக்கக்கூட நமக்குக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காக வெட்கமும் பட்டாள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் மதியம், குறிப்புதவி அறையில் இருந்த பெரிய ஆங்கில அகராதியின் தொகுதி ஒன்றை இறக்கி, ஜன்னலோர மேசையில் வைத்துப் புரட்டினாள். 'செட்' ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல், அரைப் பக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பக்கம் திரும்பியது, இன்னும் திரும்பியது, அந்தச் சொல் முடிகிற வழியாக இல்லை. வை. உட்கார வை. நடு. கல் பதி. முறிந்த எலும்பைச் சேர். மேசையில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய். தேதி குறி. பொறி வை. நாயை ஏவிவிடு. சாந்து இறுகுதல். சூரியன் இறங்குதல். கூட்டம். ஜோடி. நாடகமேடை. இத்தனையையும் ஒரே சொல் சுமந்துகொண்டு நின்றது. இது போதாதென்று நம் ஊர்க்காரர்கள் ஏற்றிய மூட்டை வேறு: சட்டை செட் ஆகிறது, மாப்பிள்ளை செட் ஆகவில்லை, பொய்யெல்லாம் செட்டப்.

சொல்லின் பிறப்பைப் பற்றிச் சின்ன எழுத்தில் போட்டிருந்ததையும் படித்தாள். அது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. ஒன்று ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 'உட்காரு' என்பதிலிருந்து வந்த 'உட்கார வை'. இன்னொன்று வந்தேறி, லத்தீனில் 'பின்னால் போவது' என்ற பொருளில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்து, ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து நடக்கிற கூட்டத்தைக் குறித்தது. கேட்க ஒன்றுபோல இருந்ததால் இரண்டும் கலந்துவிட்டன. எந்த அர்த்தம் எதன் பிள்ளை என்று இனி முழுசாகப் பிரிக்க முடியாது என்று அகராதிக்காரர்களே கையை விரித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அகராதியில் படித்ததையெல்லாம் வீட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள்.

"தலையணையைச் சரியா வைக்கணுமா?"

"செட்." இல்லை என்கிற ராகம்.

"டிவி போடணுமா? ரேடியோவா?"

"செட்!" எரிச்சல்.

"சூரியன் மறையுதே, அதைச் சொல்றீங்களா?"

பல் செட்காரர் அவளையே பார்த்தார். பிறகு வாயின் இடது பாதியால் மட்டும் சிரித்தார். பைத்தியமா உனக்கு என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. நோய் வந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நாளில் ராகம் பிடிபட்டது. தண்ணீருக்கு ஒரு செட், கழிவறைக்கு ஒரு செட், வலிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சாயங்காலங்களில் கண் கலங்க, கெஞ்சுகிற மாதிரி, மெதுவாக ஒரு 'செட்' சொல்வார். சொல்லிவிட்டு இடது கையை வீட்டுக் கூடத்துப் பக்கம் நீட்டுவார். அங்கே அலமாரி இருந்தது, சுவர்க் கடிகாரம் இருந்தது, வரிசையாகச் சில போட்டோக்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினாள். ஒரு போட்டோவைப் பார்த்ததும் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளைக் கோட்டு போட்ட நாலு இளைஞர்கள். பல் தொழில் படித்தபோது எடுத்தது. 'எங்க செட்டு' என்று வாய்க்கு வாய் சொல்வார். இருவர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இவரும், ஓரத்தில் கழுத்து நீண்டு நிற்கிற ஒருவரும். கழுத்துக்காகவே அவருக்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தவர் பல் செட்காரர்தான். அந்த ஒட்டகத்தின் மேல்தான் இப்போது அவர் விரல் நின்றது.

ஒட்டகம் ஒரு காலத்தில் இந்த வீட்டில் ஒருவராக இருந்தவர். இவளைத் தங்கச்சி என்பார், இவள் அண்ணா என்பாள். பல் செட்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒட்டகத்துக்கு அவள் மேல் விருப்பம். ஒருநாள் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தயங்கித் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு பெண் கேட்டார். பல் செட்காரர் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் பதில் சொன்னார்: "உனக்கும் என் தங்கச்சிக்குமாடா? மேல் தாடை ஒருத்தரோடது, கீழ் தாடை இன்னொருத்தரோடது. செட் ஆகாதுடா!" மற்ற இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டகமும் சிரித்தார். கை கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்தான்.

"விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று பல் செட்காரர் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் வரட்டுமே" என்று இரண்டாம் வருஷம். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். ஒட்டகத்துக்கும் கல்யாணமாகி, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலிஷ் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, விசாரித்துக்கொண்டு போய் ஒட்டகத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்துதான் காட்டிக்கொடுத்தது. கன்னம் இரண்டும் குழிந்து, உதடு உள்ளே மடிந்திருந்தது. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு, பல் மொத்தமும் போயிருந்தது. இன்னொரு பட்டறையில் ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொண்டிருந்தவர் தனக்குக் கட்டிக்கொள்ளவில்லை.

"அவருக்குப் பேச்சு வராதுண்ணா. உங்க போட்டோவைக் காட்டி அழறாரு. ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

எந்தச் சொல் மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒட்டகம் வெகுநேரம் யோசித்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பல் செட்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் முகமெல்லாம் கோணிக்கொண்டது. எழப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு, நண்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"செட்."

ஒட்டகத்தின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் அதேதானா?" என்றார். திரும்பிப் படியிறங்கினார்.

லைப்ரரி மேடம் பின்னாலேயே ஓடினாள். முதல் திருப்பத்தில் வழிமறித்து நின்றாள். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு அந்த ஒரு சொல்லுதான் மிச்சம். தண்ணி கேட்டாலும் அதான், அழுதாலும் அதான். நான்தான் முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

ஒட்டகம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேற சொல்லே கிடைக்கலையா தங்கச்சி அவனுக்கு?"

"கிடைக்கலண்ணா. எனக்குன்னும் ஒண்ணு கிடைக்கல."

சொன்னபிறகுதான், யாரிடமும் சொல்லாததை இவரிடம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒட்டகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாக எழுந்து, மறுபடி மேலே ஏறினார்.

பல் செட்காரர் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். ஒட்டகம் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பல் செட்காரர் முகத்திலிருந்து கையை எடுத்தார். தொழில்காரர் கண் அல்லவா, நண்பனின் வாயில் போய் நின்றது. இடது கையை நீட்டிக் குழிந்த கன்னத்தைத் தொட்டார். கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஒட்டகம் வெட்கத்தோடு வாயைப் பொத்தப் போனார். பல் செட்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"செட்?" என்றார். கேள்வி. பிறகு தன் நெஞ்சில் தட்டிக்காட்டி, "செட்" என்றார்.

இதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. "நீயா? எனக்கா? இந்தக் கையை வெச்சுக்கிட்டா?" என்றார் ஒட்டகம். பல்லில்லாத வாயால் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையில் போய் முடிந்தது.

மறுநாளிலிருந்து ஒட்டகம் வேலை முடிந்து நேராக இங்கே வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பல் செட்காரரைக் கீழே பட்டறைக்கு இறக்குவார்கள். அச்செடுக்கிற தட்டை நண்பனின் வாய்க்குள் அவரே இடது கையால் அழுத்தினார். பாலிஷ் அக்கா ப்ளாஸ்டர் ஊற்றினாள். பல் செட்காரர் இடது கையால் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க, ஒட்டகம் அச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வலது கையாக உட்கார்ந்திருந்தார்.

"டேய், அந்த முன்பல் கோணல்டா."

"செட்!"

"என்ன செட்டு? நான் இளிச்சா ஊரே சிரிக்கும்."

"செட், செட், செட்." நீ எப்போது நேராக இளித்தாய் என்கிற ராகம்.

கீழேயிருந்து வருகிற சிரிப்பு மேலே சமையலறை வரைக்கும் கேட்கும். லைப்ரரி மேடத்துக்கு அது சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள்ளும் இருந்தது. ஒருநாள் ஒட்டகத்திடம் கேட்டாள்: "மனசுல இருந்ததெல்லாம் போயிடுச்சாண்ணா? மன்னிச்சிட்டீங்களா?"

"அவன் எங்க தங்கச்சி மன்னிப்புக் கேட்டான்?" என்றார் ஒட்டகம். "கேட்கத் தெரிஞ்ச காலத்துல கேட்கல. இப்ப கேட்கத் தெரியல. பல்லு கட்டிக்கிட்டிருக்கான். நானும் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கேன்."

கீழ் வரிசையில் கடைசிப் பல் பதித்த நாளில் பல் செட்காரர் களைத்துப்போய் வந்து படுத்தார். லைப்ரரி மேடம் அவர் விரல்களில் ஒட்டியிருந்த மெழுகைச் சுடுதண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டாள். என்னவோ தோன்றிக் கேட்டாள்: "ஏங்க, நான் யாரு?"

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் உதடு வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டார். அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எல்லோருக்கும் சொன்னதை உனக்குச் சொல்ல மாட்டேன் என்று அர்த்தமா, சோர்வா, அவளுக்குத் தெரியவில்லை. கை மரத்துப்போகிற வரைக்கும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அதே வாரத்தில் ஒரு மதியம் மறுபடியும் பக்கவாதம் அடித்தது. இந்தத் தடவை அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் இவளும் ஒரு பக்கம் ஒட்டகமும் உட்கார்ந்திருக்க, விடியும் நேரத்தில் மூச்சு நின்றது. கடல் தாண்டி இருந்த தங்கை போனில் அழுதாள். ஒட்டகம்தான் போனை வாங்கி, "அழாதம்மா, அண்ணன் கஷ்டப்படாம போயிட்டான்" என்று சமாதானம் சொன்னார். அந்தப் பெண்ணோடு அத்தனை வருஷங்களுக்குப் பிறகு அவர் பேசியது அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும். பட்டறையில் பாக்கி நின்ற வேலைகளை ஒட்டகம் வந்து முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அளவு கொடுத்துவிட்டுப் பல்லில்லாமல் காத்திருந்தவர்கள் அவ்வளவு பேர். ஒரு சனிக்கிழமை காலை பாலிஷ் அக்கா மேலே வந்தாள். "மேடம், அவரு கீழ கூப்பிடறாரு. ஒரு விஷயம் கேக்கணுமாம்."

மேசையின் மேல் ஈரத்துணியை விரித்து, அதில் ஒட்டகத்தின் செட் வைத்திருந்தது. ரோஸ் நிற மெழுகில் இரண்டு வரிசைப் பற்கள். மெழுகை இழைத்து வழவழப்பாக்கப் பல் செட்காரருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. மேல்தட்டு முழுக்க அழுத்திய இடங்கள். நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, அச்சு அசலாக நின்றது.

"இதுக்கு மேல செய்யணும்னா, ப்ளாஸ்டருக்குள்ள வெச்சுக் கொதிதண்ணியில போடணும் தங்கச்சி" என்றார் ஒட்டகம். "மெழுகு உருகி ஓடிடும். பல்லு மட்டும் ப்ளாஸ்டர்ல நிக்கும். மெழுகு இருந்த இடத்துல வேற சரக்கு போய் உக்காரும். அவன் கை பட்டதெல்லாம் போயிடும். ரெண்டு வாரமா அடுப்பைப் பத்த வெக்கறதும் அணைக்கறதுமா இருக்கேன். என்னால ஆகல. இப்படியே வேணும்னா நீங்களே மேல எடுத்துட்டுப் போங்க."

லைப்ரரி மேடம் குனிந்து பார்த்தாள். அந்த ரேகையை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. புருஷனின் கட்டைவிரலை யார் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார்கள்? எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளலாம். கோடை வந்தால் தானே இளகிப்போகும். அதுவரைக்குமாவது இருக்கும். கை நீளத்தான் பார்த்தது.

நிமிர்ந்தபோது எதிரே ஒட்டகத்தின் வாய் தெரிந்தது. பொக்கை வாய். அவள் சொல்லப்போவதற்காக லேசாகத் திறந்தபடி காத்திருந்தது.

"உருக்குங்கண்ணா" என்றாள். "அவரு உங்களுக்குச் சாப்பிடத்தானே கட்டினாரு."

பாலிஷ் அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். தண்ணீர் கொதிக்க நேரம் பிடித்தது. அதற்குள் ஒட்டகம் செட்டை ஒரு உலோகப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் ப்ளாஸ்டர் ஊற்றி மூடினார். வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துக் கடை திறக்கிற சத்தம் கேட்டது. ப்ளாஸ்டர் இறுகியதும் கொதிதண்ணீரில் போட்டெடுத்து, பெட்டியைத் திறந்து வெந்நீர் ஊற்றியபோது மெழுகு ரோஸ் நிறத்தில் மேலே மிதந்து வந்து, கரண்டியோடு போனது. லைப்ரரி மேடம் தண்ணீர் தெளிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆகும்?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் போட்டுக்கலாம்."

"அப்ப நாளைக்கு மதியம் மேல வந்து சாப்பிடுங்க" என்றாள். பல் செட்காரர் போன பிறகு அந்த வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிந்து வெகுநாள் ஆகியிருந்தது. படியேறும்போது, வீட்டில் எண்ணெய்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பாதிப் படியில் திரும்பி, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.